மாப்பிள்ளைக்கு வயது அறுபது!

திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி என்று பத்திரிகை வந்தால் (இப்போதெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது, நாலு மூலையிலும் மஞ்சள்கூட அதிலேயே தடவி வருகிறது!) உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? வேன் பேசுவீர்கள். விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். பிராகாரத்தில் வரிசையாக ஏழெட்டு ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் நம் மாப்பிள்ளை எவர் என்று பேரன் தேடிக் கண்டுபிடிப்பான். கலச தீர்த்தத்தில் நனைந்து, மாலை மாற்றி, மறுபடி ஒரு தாலி முடிந்து, அமிர்தகடேசுவரரையும் அபிராமியையும் தரிசித்து வெளியே வந்தால் மணி பத்தரை. சாப்பாடு. அப்புறம்?

அப்புறம்தான் சங்கதி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று பட்டியல் நீளும். வழியில், திருக்கடையூரிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத தரங்கம்பாடியில் வேன் அரை மணி நிற்கும். கோட்டை முன்னால் ஒரு போட்டோ. சுண்டல். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு!"

அந்த அரை மணியில் கல்யாணப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? நான் கவனித்திருக்கிறேன். அவள் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, மடியில் நகைப் பை, காலடியில் வெந்நீர் பிளாஸ்க், பக்கத்து ஸீட்டில் தூங்குகிற குழந்தை. "நீங்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு என்ன, கடல்தானே!"

'கடல்தானே' என்று சொன்ன அந்த அம்மாளுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். என்னுடைய யோசனை சுருக்கமானது. வேனை ஊருக்கு அனுப்பி விடுங்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் தரங்கம்பாடியில், சமுத்திரத்தைப் பார்த்த ஒரு விடுதி அறையில், இரண்டு ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள்.

"ஐயையோ, அறுபது வயதில் தேனிலவா! நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?" என்று முதலில் ஆட்சேபிக்கப் போவது அந்த அம்மாளேதான். சிரித்தால் சிரிக்கட்டுமே! இருபத்திரண்டு வயதில் கழுத்து நீட்டியபோது மறுநாளே மாமியார் வீட்டு அடுப்படிக்குப் போனவள் அவள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் போயிருப்பாள். குழந்தைக்குப் பால் பவுடரும், மாமனாருக்கு மாத்திரையும், எல்லோருக்கும் புளியோதரையும் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அதற்குப் பெயர் விடுமுறை அல்ல. இடம் மாறிய சமையலறை. தமிழ் வருஷங்கள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றிக் கணவர் பிறந்த வருஷம் திரும்பி வந்துவிட்டது. ஒரு தடவையாவது அவள் தட்டில் வேறொருவர் இட்லி வைக்க வேண்டாமா?

ஏன் தரங்கம்பாடி, மகாபலிபுரமோ புதுச்சேரியோ ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் அங்கெல்லாம் பார்க்க வேண்டியவை அதிகம். இவர் ஒரு பட்டியல் போடுவார். அவள் பின்னாலேயே நடப்பாள். தரங்கம்பாடியில் பட்டியல் போடவே முடியாது. ஊரின் நுழைவாயிலில் வெள்ளையடித்த கோட்டை வாசல் ஒன்று நிற்கிறது, 1792-ல் கட்டியது. அதிலிருந்து ராஜ வீதி வழியாகக் கடல்வரை, மெதுவாக நடந்தாலும், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாலும், அரை மணி ஆகாது. மீதி நேரமெல்லாம் சும்மா இருக்கத்தான். சும்மா இருப்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சுலபத்தில் வராது. இரண்டாவது ராத்திரி வேண்டும் என்பது அதற்காகத்தான்.

ஊர்ப் பெயரிலேயே ஒரு வேடிக்கை. தரங்கம் என்றால் அலை. ஆகவே 'அலைகள் பாடும் ஊர்' என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் வாணியம்பாடியில் எந்த வாணியர் பாடினார்? பாடி என்றால் குடியிருப்பு. கல்வெட்டில் ஊர் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர்கள் வாயில் அது டிராங்கிபார் ஆயிற்று. இன்னொன்றும் சொல்வார்கள்: "இங்கே ஓசோன் காற்று ஜாஸ்தி, உடம்புக்கு ரொம்ப நல்லது!" நம்பாதீர்கள். ஓசோன் மூச்சில் போனால் நெஞ்சுக்குக் கெடுதல். கடற்கரையில் நாம் மோந்து பார்த்து 'ஆஹா' என்கிறோமே, அந்த வாசனை பெரும்பாலும் கடல் பாசி முதலியவற்றிலிருந்து எழும் கந்தகச் சேர்மத்தின் வாசனை. பெயர் தெரிந்ததால் வாசனை குறைந்துவிடப் போவதில்லை.

டேனிஷ்காரர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பதே ஒரு தொடர்கதைக்குக் காணும். அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. கண்டி ராஜாவோடு நினைத்த ஏற்பாடு பலிக்கவில்லை. அவர்களில் ஒருவர் கப்பலைப் போர்த்துகீசியரிடம் பறிகொடுத்துத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் தர்பாரில் போய் நின்றார். நாயக்கர் இடம் கொடுத்தார். 1620-ல் ஒப்பந்தம் ஆயிற்று. தங்கத் தகட்டில் எழுதி நாயக்கர் அனுப்பிய கடிதம் இன்றைக்கும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. கப்பல் தலைவன் ஓவே கெத்தே கட்டிய கோட்டைதான் உங்கள் போட்டோவில் பின்னால் தெரிகிற டான்ஸ்போர்க்.

ஆனால் எனக்குக் கெத்தேயைவிட இன்னொரு மனிதரைத்தான் பிடிக்கிறது. வியாபாரம் நொடித்தது, ஊரிலிருந்து கப்பல் வருவது நின்றது. இருந்தவர்களில் சிலர் செத்தார்கள், சிலர் ஓடினார்கள். 1650-களின் நடுவில் கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர். எஸ்கில் ஆண்டர்ஸன் கொங்ஸ்பாக்கெ என்று பெயர். பிரபுவல்ல, படித்தவரும் அல்ல. தன் நாட்டுக்கு எழுதிக் கேட்டபடி, ஊர்க்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தன் ராஜாவின் கொடியை இறக்காமல் காவல் காத்தார். 1669-ல்தான் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்தது. பத்துப் பதினைந்து வருஷம் தினம் தினம் அந்தக் கொத்தளத்தில் நின்று கிழக்கே பார்த்திருப்பார் அல்லவா? கோட்டை மேலே ஏறும்போது பெரியவரிடம் இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் போனுக்காக ராத்திரி பத்து மணிவரை விழித்திருக்கிற அம்மாளுக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம், புரிந்துவிடும். (கோட்டைக்குள் மியூஸியம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்.)

ராஜ வீதியில் எதிரும் புதிருமாக இரண்டு மாதா கோயில்கள். ஒன்று 1701-ல் எழுந்தது. மற்றது சீகன்பால்கு கட்டி, 1718-ல் திறந்தது. இந்த ஜெர்மானியர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது வயது இருபத்து நாலு. தமிழ் கற்றுக்கொள்ள என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து மணலில் விரல் வைத்து 'அ' எழுதினார். மறு வருஷமே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்துவிட்டார். டேனிஷ் கவர்னருக்கு அவரைக் கண்டால் ஆகாது. நாலு மாதம் சிறையில் போட்டார், அதே கோட்டையில்தான்.

அச்சுக்கூடக் கதையை நான் விடமாட்டேன். பத்திரிகை ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவன் எப்படி விடுவது? தமிழ் எழுத்து 1578-லேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டது. ஆனால் தரங்கம்பாடியில்தான் அது தொடர்ந்து நடந்த தொழிலாயிற்று. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் ரொம்பப் பெரியவை. காகிதத்தை விழுங்கித் தள்ளின. சின்ன எழுத்து வார்க்க ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காலி டப்பாவைத் தூக்கிப் போடாதே என்று நம் பாட்டிமார் சொன்னது எவ்வளவு சரி! புதிய ஏற்பாடு தமிழில் 1714-15-ல் அச்சாகி முடிந்தது. சீகன்பால்கு 1719-ல், முப்பத்தாறாவது வயதில் காலமானார். தாம் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம். ஐரோப்பா போய்வந்தபோது கல்யாணம் செய்து அழைத்துவந்த இளம் மனைவி, அந்த வெயிலில் அப்புறம் எத்தனை நாள் தனியாக நின்றாளோ!

டேனிஷ்காரர்கள் 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். (கூடவே வங்காளத்து ஸ்ரீராம்பூரும்.) கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் இங்கேயே இருந்தார். 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. வியாபாரம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. தரங்கம்பாடி அப்படியே உறைந்து நின்றது. நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அந்தக் கலெக்டர் பங்களாவை இடித்து நாலு மாடி லாட்ஜ் கட்டியிருப்பார்கள். அதைப் பழுது பார்த்து விடுதியாக்கியபோது அறைகளுக்குப் பழைய டேனிஷ் கப்பல்களின் பெயரை வைத்தார்கள். நம்பர் அறையில் தங்குவதைவிட ஒரு கப்பலில் தங்குவது எவ்வளவோ மேல்!

இனி அறையைப் பற்றி. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகங்களில் எழுத மாட்டார்கள். பழைய பங்களாவில் மாடிப்படி உயரமாக இருக்கும், லிப்ட் எதிர்பார்க்காதீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கீழ் அறை கேளுங்கள். ஆனால் கடலைப் பார்த்த வராந்தாவை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். ஊர் கிழக்கே பார்த்தது. ஆறு மணிக்கே சூரியன் ஜன்னலில் வந்து நிற்பான். பகல் பன்னிரண்டுவரை வராந்தாவில் கண் கூசும். ஆனால் நாலு மணிக்குப் பிறகு பாருங்கள்: கட்டிடத்தின் நிழல் தானாகவே கடல் பக்கம் விழும். மணல் சுட்டதால் எழும்பிய காற்று கடலிலிருந்து உள்ளே அடிக்கும். அந்த நிழலும் அந்தக் காற்றும் சேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். பட்டுப்புடவை உப்புக் காற்றில் சொதசொதவென்று ஆகும்; மடித்து வேனிலேயே அனுப்பிவிட்டு, பழகின நூல் புடவை இரண்டு வைத்தால் போதும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் கொள்ளை லாபம். சாயங்காலம் சமுத்திரத்துக்குள்ளிருந்து நிலா, தாம்பாளம் போல் எழும்பி வரும்.

விடியற்காலை ஐந்தரைக்கு அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். நாற்பது வருஷப் பழக்கம், கடற்கரையில் மட்டும் போய்விடுமா? எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் படுக்கையை மடிப்பாள். பிறகு வெளியே வருவாள். அந்த நேரத்தில் படகுகள் திரும்பும். மீனவப் பெண்கள் கூடையோடு நிற்பார்கள். ஏலம் நடக்கும். மீன் சாப்பிடாத வீட்டு அம்மாளாக இருந்தாலும் சரி, விலை பேசுகிற சாமர்த்தியத்தைப் பார்த்தால் மனம் அங்கேயே நின்றுவிடும்! கணவன் கடலில் வலை போடுவான். பிடித்த மீனைக் காசாக்குவது அவள். எந்த மீனுக்கு எவ்வளவு, யாருக்குக் கடன் தரலாம், யாருக்குத் தரக்கூடாது என்பதெல்லாம் அவள் விரல் நுனியில்.

அந்தப் பெண்களைப் பார்க்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை, இதே கரைக்கு மேலே கடல் ஏறி வந்தது. அப்போது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. (மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-ல்.) அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் நிறைய. ஓடத் தெரியாததால் அல்ல. ஒரு கையில் ஒரு குழந்தை, மறு கையில் இன்னொன்று என்றால் எப்படி ஓடுவது? இன்று கரையோரம் கருங்கற்களைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள். மீனவக் குடும்பங்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் விடுதி வராந்தாவிலிருந்து பார்க்கும்போது 'அழகு' என்று தோன்றுகிற அதே நீலம், கூடை தூக்குகிற அந்த அம்மாளுக்கு வேறு மாதிரித் தோன்றும். அவளிடம் போய், "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். செல்போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். வாங்குகிறதானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் தள்ளி நின்று பாருங்கள். அவளாகப் பேசினால் பேசுவாள். நம் அம்மாமார் இரண்டு நிமிஷத்தில் 'உனக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம். இந்தக் கரையில் அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கோட்டைக்கு வடக்கே கரையில் மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து முன்பகுதியைத் தின்றுவிட்டது. ஒரே நாளில் அல்ல, தலைமுறை தலைமுறையாக. மாலையில் அங்கே இரண்டு பேரும் போய் உட்காரலாம். கற்களின் மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும். கடலில் இறங்குவதும் வேண்டாம். காலை நனைத்தால் போதும். கரையோரக் கருங்கற்களுக்கு நடுவே அலை இழுத்தால் இளவட்டங்களாலேயே சமாளிக்க முடியாது.

எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். புயல் வருகிற மாதங்கள். தை முதல் பங்குனி வரை சுகம். கோடை விடுமுறையில்தான் முகூர்த்தம் கிடைத்தது என்றால் ஒரு சங்கதி தெரிந்திருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சர்க்கார் தடை. சின்ன நாட்டுப் படகுகள் மட்டும் போய் வரும். அப்போது விடுதியில் 'வஞ்சிரம் இல்லை' என்றால் சண்டை போடாதீர்கள். சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. சின்ன ஊர், விடுதிச் சாப்பாட்டை விட்டால் பொறையாறுதான் போக வேண்டும்.

செலவா? விருந்தினர் தலைக்கு ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு பை, அதில் அச்சடித்த பெயர் என்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பீர்களே, அதைக் கணக்குப் பாருங்கள். அந்த டப்பாக்கள் எங்கே போகின்றன என்று உங்கள் வீட்டுப் பரணைக் கேளுங்கள். அதில் பாதியை வெட்டினால் இரண்டு ராத்திரி வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. அறை பேசும்போது "எக்ஸ்ட்ரா கட்டில் போடவா?" என்று கேட்பார்கள். உங்கள் பையன், "பாட்டியோடு நானும் இருக்கேனே!" என்று பக்கத்தில் நின்று சட்டையைப் பிடித்து இழுப்பான். பாட்டியும், "இருக்கட்டுமே, குழந்தை!" என்பாள். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் மட்டும்.